எத்தனை மீட்டர் தள்ளி நிற்பது?

வணக்கம். என் ஆறு வயது மகளுக்குப் புள்ளி ஓவியம் பழக்க ஆசைப்பட்டு, மரம் அச்சிட்ட தாள், போஸ்டர் கலர், பட்ஸ் எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். இலைகளில் மஞ்சளும் நீலமும் மாறி மாறி வைத்தால் தள்ளி நின்று பார்க்கும்போது பச்சையாகத் தெரியும் என்றேன். தெரியவில்லை. "பொய் சொல்றம்மா" என்று எழுந்து போய்விட்டாள். ஆறு வயதுக்கு இது அதிகமா? எந்தப் பெயிண்ட் நல்லது? விரல்களுக்குப் பயிற்சி என்கிறார்களே, உண்மையா?
எம்.

அன்புள்ள எம்.,

முதல் வேலையாக மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவள் பார்த்தது சரி, நீங்கள் சொன்னதுதான் தப்பு. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளைக்குக் கண் நன்றாக இருக்கிறது.

வயது ஒரு பொருட்டே அல்ல. விரல் பயிற்சி சட்டைப் பொத்தான் போட்டாலும் கிடைக்கும். அதற்காக ஓவியத்தை இழுக்க வேண்டாம்.

இந்தத் 'தள்ளி நில்' என்ற உபதேசத்தைப் பற்றித்தான் எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் சொல்கிறார்கள், எவ்வளவு தூரம் என்று ஒருவரும் சொல்வதில்லை. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் (டிகிரியில்) அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். 1 மீட்டர் தூரத்தில் அது சுமார் 0.3 மி.மீ. பட்ஸ் வைக்கும் புள்ளியோ 5 மி.மீ. கணக்குப் போடுங்கள்: நெருக்கமாக வைத்தாலும், புள்ளிகள் முழுதாகக் கரைய 17 மீட்டர் போகவேண்டும். உங்கள் கூடம் அவ்வளவு நீளமா? புள்ளி ஓவியத்துக்குப் பேர்போன பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1884 முதல் 1886 வரை வரைந்த கிராண்ட் ஜாட் தீவு ஓவியம் ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். பெரிய துணி, பொடிப் புள்ளி. நாம் குழந்தைகளுக்குச் சின்னத் தாளில் பெரிய புள்ளி கொடுத்துவிட்டு மாயம் நடக்கும் என்கிறோம்.

அடுத்தது, மஞ்சளும் நீலமும். குழைத்தால் பச்சை வரும். ஒவ்வொரு சாயமும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்க, எஞ்சுவது பச்சை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விழுங்குவது நடப்பதில்லை, இரண்டு ஒளியும் கண்ணில் சராசரியாகிறது. கிடைப்பது சாம்பல் சார்ந்த ஒரு சோகை நிறம். சூராவும் புல்லைப் பச்சையால்தான் போட்டார். வெயிலுக்கு அதன்மேல் மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளிகள் வைத்தார். (அந்த மஞ்சளில் ஒரு வகை சில வருடங்களிலேயே பழுப்பாகிவிட்டது, பாவம்.)

ஆகவே சிவப்பும் நீலமும் எடுங்கள். நுனி 1 மி.மீ. உள்ள ஸ்கெட்ச் பேனா. கெட்டித் தாளில் 2 செ.மீ. சதுரம் பென்சிலால் லேசாக. முதலில் இரண்டில் சற்று வெளிரான சிவப்பு, காய்ந்தபின் இடைவெளிகளில் நீலம்; ஈரத்தில் வைத்தால் பேனா நுனி அழுக்காகும். தொட்டவுடன் எடுக்கச் சொல்லுங்கள். அழுத்திக் குத்தினால் மை ஊறிப் புள்ளி 2 மி.மீ. ஆகிவிடும், நுனியும் உள்ளே போய்விடும். சுமார் நானூறு புள்ளியில் சதுரம் நிரம்பும். சுவரில் ஒட்டி, அவளையே பின்னால் நடக்கவிடுங்கள். புள்ளி மறையும் இடத்தில் தரையில் சாக்பீஸ் கோடு. நான்கைந்து மீட்டருக்குள் ஊதா வந்துவிடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு அடர்த்தியான நிறங்கள், அதனால் முன்னதாகவே கலக்கும். சிவப்பு-மஞ்சள் ஆரஞ்சாகும், ஆனால் கோடு இன்னும் பின்னால் போகும். பிறகு இரண்டு சிவப்புக்கு ஒரு நீலம், ஒரு சிவப்புக்கு இரண்டு நீலம் என்று பக்கத்திலேயே சதுரங்கள்.

அச்சிட்ட மரத்தைத் தூக்கிப் போடுங்கள். கறுப்புக் கோட்டுக்குள் புள்ளி நிரப்புவது வண்ணம் தீட்டும் புத்தகத்தின் இன்னொரு வேஷம், அவ்வளவுதான்.

பட்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், போஸ்டர் கலர் பற்பசை அளவுக்குக் கெட்டியாக இருக்கட்டும். மூடியில் மெல்லிய படலமாகப் பரப்பி, நிறத்துக்கு ஒரு குச்சி. செங்குத்தாக வைத்து செங்குத்தாக எடுக்கவேண்டும். நீர்த்தால் பஞ்சு பிரியும், புள்ளிகள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்து சேறாகும். முடிந்ததும் கைபேசியில் படம் எடுத்து நகம் அளவுக்குச் சுருக்கிக் காட்டுங்கள். 17 மீட்டர் நடக்கவேண்டியதில்லை.