லூகர் பி08: நம்பர் ஒத்துப்போனால் போதுமா?

ஜெர்மனியின் டிடபிள்யூஎம் நிறுவனம் 1917-ல் செய்த லூகர் பி08 ராணுவக் கைத்துப்பாக்கி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, டிரிகரில் மட்டும் நம்பர் வேறு, விற்பவர் “மற்றதெல்லாம் ஒரிஜினல்” என்கிறார், நம்பலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

டிரிகரை விடுங்கள். ராணுவத்தில் கழற்றித் துடைக்கும்போதும் பழுது பார்க்கும்போதும் பாகங்கள் மாறிப்போவது சகஜம். அதனால் விலை குறையும், அவ்வளவுதான். நான் பயப்படுவது ஒத்துப்போகிற நம்பர்களைப் பார்த்துத்தான். ஃபிரேமிலும் பேரலிலும் முழு சீரியல் நம்பர் இருக்கும். சைடு பிளேட் (இடது பக்கத் தகடு), டாகிள் (மேலே மடங்கி எழும் பூட்டு), டிரிகர் போன்ற சின்ன பாகங்களில் அதன் கடைசி இரண்டு இலக்கம் மட்டும். பழைய நம்பரை ராவி எடுத்துவிட்டு இரண்டு இலக்கத்தைப் புதிதாகக் குத்துவது பெரிய வேலையே இல்லை.

அதனால் முதலில் கையில் வாங்கி, மேகசினைக் கழற்றி, குண்டு உட்காரும் சேம்பர் காலிதானா என்று பாருங்கள் (குண்டு இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி சற்றே தூக்கி, அதன் பக்கவாட்டில் ‘குண்டு நிரம்பியிருக்கிறது’ என்று பொருள்படும் ‘கெலாடன்’ என்ற ஜெர்மன் எழுத்து தெரியும், ஆனாலும் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள்). அப்புறம் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து சைடு பிளேட் நம்பரைப் பாருங்கள்: அதைச் சுற்றி லேசான பள்ளம் தெரிந்தாலோ, இலக்கங்களின் வடிவம் மற்ற சின்ன பாகங்களில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டாலோ சந்தேகப்படுங்கள். இலக்கங்களின் ஓரம் மழுங்கியிருந்தால் துப்பாக்கியைப் பாலிஷ் போட்டு மறுபடி நீலம் (துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்குக் கொடுக்கும் கருநீல மெருகு) ஏற்றியிருக்கிறார்கள்.

நிறம் இன்னும் நல்ல சாட்சி. அந்தக் காலத்து டிடபிள்யூஎம்மில் டிரிகர், சேஃப்டி லீவர், மேகசின் பட்டன், எஜெக்டர் (வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளும் பாகம்) ஆகியவை வைக்கோல் மஞ்சள் நிறத்தில் இருக்கும், கை படுகிற இடத்தில் வெளுத்திருக்கும். எல்லாம் ஒரே சீராகப் பளபளத்தால் அது புது வேலை. ஃபிரேமின் உட்பக்கமும் நீலம் ஏறாத வெற்று இரும்பாகத்தான் இருக்க வேண்டும். உள்ளேயும் கருநீலமாக இருந்தால் பின்னாளில் நீலம் ஏற்றும் கரைசலில் முழுதாக முக்கி எடுத்தது என்று அர்த்தம். இரண்டாம் உலகப்போரில் சோவியத் படை கைப்பற்றிய பல லூகர்கள் அப்படித்தான் இருக்கின்றன. சேம்பர் மேல் 1917 உடன் 1920 என்றும் குத்தியிருந்தால் கவலை வேண்டாம், அது முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஜெர்மன் ராணுவம் வைத்த உடைமை முத்திரை.

மரக் கைப்பிடியைக் கழற்றச் சொல்லி உள்பக்கம் அதே இரண்டு இலக்கம் இருக்கிறதா பாருங்கள். கழற்ற மறுத்தால் வாங்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் டிரிகருக்காக விலையைக் குறைத்துப் பேசி வாங்குங்கள், ஆனால் அதே நம்பரில் வேறு டிரிகர் தேடி மட்டும் மாட்டிவிடாதீர்கள்.