வாடைக்காற்றும் வெண்பனியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகளின் பிள்ளைப்பேற்றுக்காகத் தை மாதம் ரொறன்ரோவுக்குப் போகவிருக்கிறேன். மார்கழி வாடைக்கே போர்வை தேடுகிறவள் நான். நுவரெலியாவுக்குக் கொண்டுபோன சுவெட்டர் ஒன்று இருக்கிறது. அதன்மேல் மொத்தமான கோட் ஒன்று வாங்கினால் போதுமா?
(வாசகி, உவர்மலை, திருகோணமலை)

பதில்: மொத்தமான ஒரே கோட்டை நம்பிப் போகாதீர்கள், அம்மா. உடை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடலின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைப்பது, நூலிழைகளுக்கிடையிலும் ஓர் உடைக்கும் அடுத்த உடைக்கும் நடுவிலும் அசையாமல் நிற்கும் காற்றுத்தான். ஆகவே மெல்லியனவாக மூன்று உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நல்லது. சூடேற்றிய வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் நுழைந்ததும் மேலுள்ளவற்றைக் கழற்றிவிடலாம். கழற்றாவிட்டால் வியர்க்கும், அந்த ஈரமே பிறகு வெளியில் உங்களை நடுங்க வைக்கும்.

ஈரத்தின் வலிமை நமக்குத் தெரியாததல்ல. கன்னியா வெந்நீரூற்றில் சுடச்சுட அள்ளிக் குளித்தவர்கூட, நனைந்த துணியோடு கரையில் நிற்கும்போது வாடை வீசினால் பல் கிட்டித் துவாயைத் தேடுவார். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்திவிடும். இந்த ஊர் வெயிலுக்கு வியர்வையை உறிஞ்சி நமக்கு இதமளிக்கும் பருத்தி, அங்கே உள்ளாடையாக ஆகாததற்கு இதுவே காரணம். உடலை ஒட்டிய உடை மெல்லிய கம்பளி நூலிலோ பொலியெஸ்டரிலோ இருக்கட்டும். கம்பளி ஓரளவு நனைந்தாலும் சூட்டைக் காக்கும். மலையகத்தில் கொழுந்தெடுத்த பெண்கள் மழைக்குத் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டது வீணன்று. நடுவில் உங்கள் நுவரெலியா சுவெட்டரே போதும். மேலே காற்றும் நீரும் புகாத கோட் வேண்டும்.

திருகோணமலையில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ரொறன்ரோவில் ஜனவரியின் சராசரியே பூச்சியத்துக்குக் கீழேதான். அந்தக் குளிருக்கேற்ற கோட்டையும் சப்பாத்தையும் இங்கே தேடி அலையாமல், மகளை விமான நிலையத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். சப்பாத்து விரல்களை அசைக்க இடமுள்ளதாக இருக்க வேண்டும். இரண்டு காலுறைகளை மாட்டி இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். கைக்கு, விரல்கள் தனித்தனியாகப் பிரியாத உறையே சிறந்தது, ஏனெனில் ஒரே அறைக்குள் விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும். சேலையை விட மனமில்லையென்றால், உள்ளே கணுக்கால்வரை கம்பளிக் காற்சட்டை அணிந்து அதன்மேல் தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: காஷ்மீரத்தவர் தொளதொளவென்ற அங்கி அணிகிறார்களே, உள்ளே குளிர் புகாதா?
(வாசகர், நிலாவெளி)

பதில்: ஃபெரன் எனப்படும் அந்த அங்கி முழங்காலைத் தாண்டித் தொங்குவது, கைகளையும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். அதற்குள் அவர்கள் காங்கிடி என்ற, பின்னிய கூடையில் பொருத்திய தணல் சட்டியை வைத்துக்கொள்வதால் அந்தத் தொளதொளப்புத் தேவைப்படுகிறது. வட துருவத்தை அண்டி வாழும் இனுவிட் மக்களோ தணல் இல்லாமலே சமாளித்தவர்கள்: கரிபு மான் தோலால் இரண்டு அங்கிகள் தைத்து, உள்ளங்கியின் உரோமம் உடலை நோக்கியும் வெளியங்கியின் உரோமம் வெளியே பார்த்தும் இருக்குமாறு அணிந்தார்கள். அந்த மானின் உரோமம் உள்ளே வெற்றிடமுள்ளதால் ஒவ்வோர் இழையும் காற்றைச் சுமக்கிறது. எனக்கு இந்த முறையே மேலாகப் படுகிறது, ஏனெனில் ஆண்டுக்கணக்கில் காங்கிடியை உடலோடு அணைத்தவர்களுக்கு வயிற்றிலும் தொடையிலும் தோல் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.