டோக்கன் சந்தை கட்டுபவர்களுக்கு: கேள்வி பதில்

சிங்கப்பூரில் டோக்கன் சந்தைகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. ஒரு சொத்தின் மீதோ கடனின் மீதோ உள்ள உரிமையைக் குறிக்கும் மின்னிலக்கப் பதிவைத்தான் இங்கே டோக்கன் என்கிறேன். நம் மக்கள் இதில் இறங்குவதைப் பார்க்க மகிழ்ச்சி. கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

அக்கா, நாங்கள் மூன்று பேர் செங்காங்கிலிருந்து. சிறு நிறுவனங்களின் கடனை டோக்கனாக்கி, வாங்கி விற்க ஒரு தளம் கட்டுகிறோம். இது பங்கு இல்லையே, உரிமம் வேண்டுமா?

வேண்டும் தம்பி. சிங்கப்பூர் நாணய ஆணையம் பெயரைப் பார்ப்பதில்லை, வாங்கியவருக்கு என்ன உரிமை கிடைக்கிறது என்றுதான் பார்க்கும். 2017 நவம்பரில் வந்த அதன் வழிகாட்டியிலிருந்தே நிலைமை இதுதான். வட்டியும் அசலும் தரும் டோக்கன் கடன்பத்திரமே. வாங்குவோரையும் விற்போரையும் ஓரிடத்தில் சேர்த்தால் சந்தை நடத்துநருக்கான அனுமதி வேண்டும். டோக்கன்களைப் பிறருக்காகப் பாதுகாத்து வைத்தால் மூலதனச் சந்தைச் சேவை உரிமமும் தேவைப்படும். இப்போது ஏடிடிஎக்ஸ் எனப்படும் ஐஸ்டாக்ஸ் என்ற டோக்கன் சந்தைத் தளம்கூட, 2019இல் புதிய சேவைகளை வரம்புக்குள் முயன்று பார்க்கும் ஆணையத்தின் சோதனைக் களத்தில் இருந்துவிட்டுத்தான் 2020 பிப்ரவரியில் முழு உரிமம் பெற்றது. முதல் செலவு வழக்கறிஞருக்கு, அப்புறம் செயலி.

யாருக்கு விற்கலாம்?

தகவல் ஏடு (முதலீட்டின் முழு விவரங்களையும் சொல்லும் ஆவணம்) வெளியிடாமல் விற்பவை பெரும்பாலும் தகுதிபெற்ற முதலீட்டாளர்களுக்குத்தான். அதாவது நிகரச் சொத்து 2 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் (குடியிருக்கும் வீட்டில் 1 மில்லியன் வரைதான் கணக்கில் வரும்), அல்லது நிகர நிதிச் சொத்து 1 மில்லியனுக்கு மேல், அல்லது கடந்த 12 மாத வருமானம் 300,000 வெள்ளி. ஒன்று போதும், ஆனால் தன்னை அப்படி நடத்த அவரே சம்மதம் தர வேண்டும். இந்தச் சோதனையை டோக்கனுக்குள்ளேயே வையுங்கள். இஆர்சி-3643 போன்ற, டோக்கனை எழுதுவதற்கான பொதுத் தொழில்நுட்பத் தரங்களில் அனுமதிப் பட்டியலில் இல்லாதவருக்கு டோக்கன் போகவே போகாது.

தளம் தயாராகிவிட்டது. யாரும் வாங்கவில்லை. என்ன தவறு?

எனக்கு மிகவும் வலிக்கும் கேள்வி இது. நானும் ஒரு தளத்துக்குப் பங்குச் சந்தை மாதிரியே நாள் முழுக்க ஓடும் விலைத்திரை கட்டினேன். திரை காலியாகவே கிடந்தது. ஒரு கட்டடத்தின் பங்கையோ கடனையோ நூறு பேர் வைத்திருந்தால், ஒரே நிமிடத்தில் ஒருவர் விற்கவும் இன்னொருவர் வாங்கவும் வருவது அரிது. காலித்திரையைப் பார்த்தவர் திரும்பி வருவதும் இல்லை. பிறகு வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், எல்லா விலைகளையும் சேர்த்து ஒரே விலையில் முடிக்கும் ஏலமாக மாற்றினோம். ஆட்கள் கூடினார்கள். ஒரு பொருள் வகையை மட்டும் எடுங்கள். அதை ஏற்கெனவே வாங்கிப் பழகியவர்களைத் தேடிப் போங்கள். ஒவ்வொரு ஏலத்திலும் விலை சொல்ல ஒரு நிறுவனத்தை ஒப்பந்தத்தில் கட்டுங்கள். டோக்கனும் பணமும் ஒரே நொடியில் கைமாறட்டும். ஒன்று முந்தினால் நம்பிக்கை போய்விடும்.

புக்கிட் பாத்தோக்கில் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை டோக்கனாக்கலாமா?

முடியாது. வீவகவின் ஒப்புதல் இல்லாமல் வீடு கைமாறாது, நிறுவனத்தின் பெயரிலும் வைக்க முடியாது. தனியார் கட்டடத்தில்கூட வழக்கமாக அதை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்கைத்தான் டோக்கனாக்குகிறார்கள்.

சிராங்கூன் சாலையில் எங்கள் நகைக்கடை. தங்க டோக்கன் வெளியிடலாமா?

916 நகையை விட்டுவிடுங்கள், அதற்கு ஜிஎஸ்டி உண்டு. 99.5 விழுக்காடு தூய்மையும் மற்ற நிபந்தனைகளும் பொருந்தும் முதலீட்டுத் தங்கத்துக்கு 2012 முதல் ஜிஎஸ்டி இல்லை. அந்தத் தங்கக் கட்டி எந்தப் பெட்டகத்தில் இருக்கிறது, யார் எண்ணிப் பார்க்கிறார்கள், டோக்கனைக் கொண்டுவந்தால் எத்தனை நாளில் தங்கம் தருவீர்கள்? இந்த மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள் அண்ணே, உட்கார்ந்து பார்ப்போம்.