லெந்து நாட்களில் எடுத்த தீர்மானத்தைப் பாதியில் முறித்துவிட்டேன். ஈஸ்டர் ஆராதனைக்குப் போக எனக்குத் தகுதி இருக்கிறதா?

இருக்கிறது. போங்கள்.

கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகு இதோடு நிறுத்த மனம் வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தின உபவாசக் காலமான லெந்தின் நாற்பது நாளும் காலை ஆகாரத்தை விட்டு அந்த நேரத்தில் ஜெபிப்பதாகத் தீர்மானித்தீர்கள். நான்காம் வாரத்தில் ஒரு நாள் தவறியது. அடுத்த நாளும் தவறியது. அப்புறம் விட்டே விட்டீர்கள். இப்போது சிலுவைப் பாடுகளைப் பற்றி யாராவது பேசினால் அங்கே உட்கார முடியவில்லை, 'அடுத்த வருஷம் ஒழுங்காகச் செய்துவிட்டு வருகிறேன்' என்று தோன்றுகிறது என்கிறீர்கள். நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. நீங்கள் விழுந்த இடத்திலேயே விழுந்தவன்.

மூன்று வருஷத்துக்கு முன் நான் எடுத்த தீர்மானம் சாப்பாட்டைப் பற்றியது அல்ல. அப்பாவிடம் குரலை உயர்த்துவதில்லை என்பதுதான். அப்பாவுக்கு மறதி நோய். ஒரு கேள்வி கேட்பார், பதில் சொல்வேன், ஐந்து நிமிடத்தில் அதே கேள்வி திரும்ப வரும். பெரும்பாலும் 'இன்னிக்கு என்ன கிழமை?' என்பதுதான் அந்தக் கேள்வி. ஒரு தாளில் நாற்பது கட்டம் போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். இரவு படுக்கப் போகுமுன் ஒரு கட்டத்தில் பேனாவால் சின்னதாக ஒரு சிலுவை. இருபத்திரண்டு சிலுவை வரை நன்றாகத்தான் போயிற்று. உண்மையைச் சொன்னால், பாதியை நெருங்க நெருங்க அப்பாவைவிட அந்தத் தாள்மேல்தான் எனக்குப் பிரியம் அதிகமாகிவிட்டது.

இருபத்து மூன்றாம் நாள், திங்கட்கிழமை மாலை. வேலை முடிந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்தேன். கேட்டார். திங்கள் என்றேன். மறுபடி கேட்டார். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, டம்ளரை மேசைமேல் ஓங்கி வைத்து, 'எத்தனை தடவைப்பா சொல்றது? திங்கள், திங்கள், திங்கள்!' என்று கத்தினேன். தண்ணீர் சிதறி, மேசை விளிம்பு வரை ஓடி, சொட்டியது. அப்பா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அதைத் துடைக்க ஆரம்பித்தார். நிதானமாக, மூலை வரைக்கும். பழக்கமில்லாத ஒருவர் வீட்டுக்கு வந்து எதையோ கொட்டிவிட்டவர்போல.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கப் போனேன். அவருக்கு எதுவும் நினைவில்லை. 'எதுக்குப்பா?' என்று சிரித்தார். மன்னிக்க வேண்டியவருக்கே நினைவில்லாத குற்றத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது? தாளை உரித்துக் குப்பையில் போட்டேன். அடுத்த இரண்டு ஞாயிறும், குருத்தோலை ஞாயிறு உட்பட, ஆலயத்துக்குப் போகவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பொருத்தனை பண்ணிக்கொண்டு செலுத்தாமல் இருப்பதைவிடப் பண்ணாமல் இருப்பதே நலம் என்ற பிரசங்கி ஐந்தாம் அதிகாரத்தை யாரோ உங்களுக்கு எடுத்துக் காட்டினார்களாம். நல்ல வசனம்தான், ஆனால் உங்களுக்குப் பொருந்துகிற வசனமாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கர்த்தரிடம் பேரம் பேசி எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. ஒரு பழக்கத்தைத் தொடங்கினீர்கள், அது நின்றுபோயிற்று. 'இல்லை, அது உண்மையான பொருத்தனைதான்' என்று உங்கள் மனசாட்சி சொன்னால் உங்கள் போதகரிடம் போய்ப் பேசுங்கள். அந்த வசனத்தைக் காட்டியவரிடம் வேண்டாம்.

லெந்து நாட்களை (கத்தோலிக்கர் தவக்காலம் என்பார்கள்) அனுசரிக்கும்படி வேதாகமத்தில் எங்கும் கட்டளை இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் லியோன் நகர ஆயர் இரேனியு எழுதிய ஒரு கடிதத்தில், பஸ்காவுக்கு (ஈஸ்டரை அப்போது அப்படித்தான் சொன்னார்கள்) முன் சிலர் ஒரு நாள் உபவாசிக்கிறார்கள், சிலர் இரண்டு நாள், சிலர் அதற்கும் மேல், சிலர் நாற்பது மணி நேரம் என்று வருகிறது. அதற்காகச் சண்டை போட வேண்டாம் என்பதுதான் அவர் எழுதியதன் சாரம். 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் விதிகளில் 'நாற்பது' என்ற சொல் வந்துவிடுகிறது. இப்போது நாம் எண்ணும் கணக்கில் லெந்து தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை 46 நாட்கள். நடுவில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் அதை உபவாசக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே ஒரு நாள் தவறினாலும், சிலுவைக்கும் கல்லறைக்கும் போய்ச் சேருமுன்பே அந்த வாரத்துக்கு ஒரு ஈஸ்டர் வந்து நிற்கிறது. எனக்கு அது திங்கட்கிழமைக்கு முந்தின நாள் வந்தது. நான் தாளில் கட்டமே போடாத நாள் அது.

இன்னொன்றும் உண்டு. பழைய சபையில் இந்த நாட்கள் முக்கியமாக இரண்டு கூட்டத்தாருக்கானவை. ஒரு கூட்டம், ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெறப்போகிறவர்கள். இன்னொரு கூட்டம், ஞானஸ்நானம் பெற்ற பிறகு பெரிய தவறில் விழுந்து, நற்கருணைப் பந்தியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர்கள். ரோமில் இவர்களை ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள், ஈஸ்டர் பந்தியில் மற்றவர்களோடு உட்காரட்டும் என்று. 'விழுந்தவர்கள்' என்றால் எப்படிப்பட்டவர்கள் தெரியுமா? 250இல் ரோமப் பேரரசன் டீசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். உயிருக்குப் பயந்து ஏராளமான கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலேயே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். துன்புறுத்தல் ஓய்ந்ததும் அவர்கள் திரும்பி வந்து சபையின் வாசலில் நின்றார்கள். சேர்ப்பதா, கூடாதா என்று பெரிய சண்டை. கடைசியில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும் அவரோடு இருந்தவர்களும், மனந்திரும்பினவர்களைச் சேர்க்கும் வழியைத்தான் பிடித்தார்கள். கர்த்தரையே மறுதலித்தவர்களுக்கு அந்தக் கதவு திறந்தது. நீங்கள் காலை ஆகாரத்தைச் சாப்பிட்டுவிட்டீர்கள்.

கிழக்குத் திருச்சபைகளில் ஈஸ்டரன்று வாசிக்கும் ஒரு பிரசங்கம் உண்டு. யோவான் கிறிசோஸ்தோம் என்ற பழைய காலத்து ஆயரின் பெயரில் வழங்குவது. முதல் மணி நேரத்திலிருந்து உழைத்தவனும் பதினோராம் மணி நேரத்தில் வந்தவனும் வரட்டும், உபவாசித்தவர்களும் உபவாசிக்காதவர்களும் இன்றைக்கு மகிழட்டும் என்று அது அழைக்கிறது. வருஷா வருஷம் அதை வாசிக்கிறார்கள் என்றால், உங்களைப் போன்றவர்கள் வருஷா வருஷம் அங்கே வந்து நிற்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஆனால் இந்தச் சரித்திரம் எதுவும் அந்த வருஷம் எனக்குத் தெரியாது. பெரிய வியாழன் இரவு தூக்கம் வராமல் யோவான் சுவிசேஷத்தைத் திறந்தேன். பதினெட்டாம் அதிகாரம். பேதுரு பிரதான ஆசாரியனின் முற்றத்தில் நிற்கிறான். குளிர். வேலைக்காரர்கள் கரிநெருப்புப் போட்டுக் குளிர்காய்கிறார்கள், அவர்களோடு அவனும் குளிர்காய்கிறான். அந்த நெருப்பருகே நின்றுதான், நீயும் இயேசுவின் சீஷன் அல்லவா என்று கேட்டவர்களிடம் 'நான் அல்ல' என்கிறான். மற்ற எல்லாரும் இடறினாலும் நான் இடறமாட்டேன் என்று சில மணி நேரத்துக்கு முன் சொன்ன அதே வாய். அவனுடைய தீர்மானம் நாற்பது நாள்கூடத் தாங்கவில்லை, விடியும்வரைகூடத் தாங்கவில்லை.

மூடி வைக்காமல் தொடர்ந்து படித்தேன். இருபத்தோராம் அதிகாரம். உயிர்த்தெழுந்த பிறகு ஒரு விடியற்காலை. இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் அகப்படாதவர்கள், கரையில் நிற்பவர் சொன்னபடி போட்டுப் பார்த்தபின், வலை நிறைய மீனோடு கரைக்கு வருகிறார்கள். அங்கே கரிநெருப்புப் போட்டிருக்கிறது, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். கிரேக்க மூலத்தில் இதற்கு 'அந்த்ராக்கியா' என்று ஒரு சொல். புதிய ஏற்பாடு முழுவதிலும் அது இரண்டே இடத்தில்தான் வருகிறது: முற்றத்தில் ஒன்று, கடற்கரையில் ஒன்று. நம் பழைய தமிழ் வேதாகமத்திலும் இரண்டு இடத்திலும் கரிநெருப்புதான்.

கரிநெருப்புக்கு ஒரு வாசம் உண்டு. உடுப்பில் ஏறினால் துவைத்தாலும் சீக்கிரம் போகாது. படகிலிருந்து குதித்து நனைந்த உடுப்போடு வந்து நின்ற பேதுருவுக்கு அந்த வாசம் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேதத்தில் இது சொல்லப்படவில்லை, நான் யோசித்துக்கொள்வதுதான். அந்த இரவைப் பற்றி இயேசு உடனே ஒரு வார்த்தையும் பேசவில்லை. 'வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்' என்கிறார். உங்களுக்காக ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அது விடிந்ததும் சாப்பிடுகிற சாப்பாடு. காலை ஆகாரம்.

சாப்பிட்டு முடிந்த பிறகுதான் கேட்கிறார், என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று. மூன்று தடவை. இந்த இடத்தில் 'அன்பு' என்பதற்கு மூலத்தில் இரண்டு சொல் இருப்பதை வைத்து அரைமணி நேரம் பிரசங்கம் பண்ணுவார்கள். யோவான் வேறு இடங்களிலும் அவ்விரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறவர்தான், அதனால் எனக்கு அதில் பெரிய பிடிப்பு இல்லை. அன்று இரவு என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். மூன்றாம் தடவை பேதுரு துக்கப்படுகிறான். ஆனாலும் பதில் சொல்கிறான். புத்தகத்தை மடிமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறையில் அப்பா தூக்கத்தில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த இரண்டு நெருப்புக்கும் நடுவில் இன்னொரு சந்திப்பு இருக்கிறது. கர்த்தர் சீமோனுக்கு (பேதுருவின் இன்னொரு பெயர்) தரிசனமானார் என்று லூக்கா ஒரே வரியில் சொல்கிறார், பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது சொல்கிறார். அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருமே எழுதி வைக்கவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. உங்களுக்கும் அப்படி ஒன்று நடக்கட்டும், அதை எங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்று இல்லை.

இப்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், விட்ட நாட்களுக்கு ஈடாக இரண்டு வேளை பட்டினியும் வேண்டாம். அது அபராதம் கட்டுகிற மாதிரி. நாளைக் காலையிலிருந்து செய்யுங்கள், எத்தனை நாள் மீதியோ அத்தனை நாள். முழு ஆகாரமும் விட முடியவில்லையென்றால் கால்மணி நேர ஜெபம் மட்டுமாவது. ஏசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தில் உபவாசம் என்று கர்த்தர் எதைச் சொல்கிறார் என்று பாருங்கள்: பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்கிறார். நீங்கள் விட்ட காலை ஆகாரம் யாருக்காவது போய்ச் சேர்ந்ததா? நானாக இருந்தால் அதிலிருந்து ஆரம்பிப்பேன்.

அப்புறம், தனியாக இருக்காதீர்கள். இதைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதே இரவில் யூதாசும் விழுந்தான். பாவம் செய்தேன் என்று வாயால் சொல்லவும் செய்தான், முப்பது வெள்ளிக்காசைத் திருப்பியும் கொடுத்தான். ஆனால் போய்ச் சொன்னது, 'எங்களுக்கென்ன?' என்று கேட்கிறவர்களிடம். பேதுருவோ ஞாயிறு காலையில் மகதலேனா மரியாள் ஓடிவந்து சொல்லக்கூடிய தூரத்தில், இன்னொரு சீஷனோடு இருந்தான். அந்தக் கல்லறையிலிருந்த வாலிபன் சொன்னதாக மாற்கு எழுதுவதைப் பாருங்கள்: சீஷர்களிடம் போய்ச் சொல்லுங்கள், பேதுருவிடமும் சொல்லுங்கள் என்கிறான். பேதுருவும் சீஷன்தானே, தனியாக ஏன் பெயர் சொல்ல வேண்டும்? சீஷர்கள் என்றால் அதில் நான் இல்லை என்று அவன் நினைத்துவிடக்கூடும் என்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஈஸ்டருக்கு விடியற்கால ஆராதனைக்குப் போனேன். கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தேன். பெரிதாக ஒன்றும் உணர்ந்தேன் என்று சொல்லமாட்டேன், தூக்கம்தான் வந்தது. வீட்டுக்கு வந்தபோது அப்பா எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

'இன்னிக்கு என்ன கிழமை?'

'ஞாயிறுப்பா.'

'ஞாயிறா? கோயிலுக்குப் போகணுமே' என்று எழப் பார்த்தார். நான் போய்விட்டு வந்துவிட்டேன் என்று சொல்லி, அவரை உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டைப் பொத்தானை நான் போட்டு முடிப்பதற்குள் மறுபடி கேட்டார்.

ஞாயிறு என்றேன்.