‘சாம்பார் ப’ வரை தட்டினால் பொடி ஏன் வரவில்லை?

கேள்வி: எங்கள் சமையல் தளத்தில் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியின் மேட்ச் ஃபிரேஸ் ப்ரீஃபிக்ஸ் வினவல் (பாதி தட்டிய சொற்றொடருக்கும் பொருத்தம் தேடுவது) ஓடுகிறது. ‘சாம்பார் பொ’ என்றால் ‘சாம்பார் பொடி’ கிடைக்கிறது. ‘சாம்பார் ப’ என்றால் இல்லை. ஏன்?

பதில்: கடைசிச் சொல்லை மட்டும் இந்த வினவல் முன்னொட்டாகக் கொள்ளும். தேடும் புலத்தின் (ஃபீல்டு) சொற்பட்டியலில் ‘ப’வில் தொடங்குபவற்றை வரிசையாக எடுத்து, 50 ஆனதும் நிறுத்திவிடும். சாம்பாரை அடுத்து எது வருகிறது என்றெல்லாம் பார்க்காது. வரிசையோ யூனிகோடு எண் வரிசை: பச்சை, பட்டாணி, பருப்பு எல்லாம் முன்னால், பா, பி, பொ எல்லாம் பின்னால். பொடியை எட்டுமுன் 50 தீர்ந்துவிடும். எண்ணிக்கை ஷார்டுக்கு ஷார்டு (தரவைப் பிரித்து வைக்கும் பகுதி) தனி என்பதால் சில பொடிகள் வரும், சில வராது, குழப்பமே அங்கேதான்.

அந்த 50 என்ற வரம்பை, அதாவது மேக்ஸ் எக்ஸ்பான்ஷன்ஸை, 500 ஆக்குவது ஒட்டுப்போடுகிற வேலை. ஒவ்வொரு எழுத்துக்கும் வினவல் கனக்கும். புலத்தை, தட்டத் தட்டத் தேடுவதற்கென்றே உள்ள ‘சர்ச் ஆஸ் யூ டைப்’ வகைக்கு மாற்றி (எலாஸ்டிக்சர்ச் 7.2 முதல் உண்டு) மறுபடி இண்டெக்ஸ் செய்யுங்கள். பல புலங்களில் ஒன்றாகத் தேடும் மல்டி மேட்ச் வினவலில் வகை பூல் ப்ரீஃபிக்ஸ்; மூலப் புலத்தோடு, அடுத்தடுத்த இரண்டு, மூன்று சொற்களைச் சேர்த்து வைக்கும் 2கிராம், 3கிராம் துணைப்புலங்களையும் சேருங்கள்.

கேள்வி: எலாஸ்டிக்சர்ச்சின் இன்னொரு பரிந்துரை வசதியான கம்ப்ளீஷன் சஜஸ்டர் போதாதா?

பதில்: தலைப்பின் தொடக்கத்திலிருந்தே தட்டுவார்கள் என்றால் போதும். ‘பொடி’ என்று ஆரம்பித்தால் ‘சாம்பார் பொடி’ வராது.

கேள்வி: சொல்லின் தொடக்கத் துண்டுகளை இண்டெக்ஸில் வைக்கும் எட்ஜ் என்கிராமில் மேக்ஸ் கிராம் (துண்டின் அதிகபட்ச நீளம்) 10. ‘உருளைக்கிழ’ வரை வருகிறது, ‘ங்’ தட்டியதும் காலி.

பதில்: நாம் பார்க்கும் எழுத்து வேறு, எஞ்சின் எண்ணுவது வேறு. ‘உருளைக்கிழங்கு’ நமக்கு 8 எழுத்து, அதற்கு 14 யூனிகோடு குறியீடு. ‘ழ’வோடு 10 முடிந்துவிட்டது. 20 வையுங்கள். தேடும்போது ஸ்டாண்டர்ட் அனலைசர் (சொல்லைத் துண்டாக்காமல் முழுதாக எடுப்பது) கட்டாயம். இல்லையென்றால் தட்டிய சொல்லும் துண்டாகி, ‘உ’வில் தொடங்கும் எல்லாம் வந்து குவியும்.

கேள்வி: ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் தட்டும்போது நடுநடுவே பட்டியல் காணாமல் போகிறது.

பதில்: ‘பொ’ வருமுன் பெட்டியில் ‘ப்’ நிற்கிறது. புள்ளியோடு தொடங்கும் சொற்கள் ‘ப்ரெட்’ மாதிரி சிலதான். கடைசிச் சொல்லின் இறுதிப் புள்ளியை நீக்கிவிட்டு அனுப்புங்கள். ‘பால்’ அப்போது ‘பால’ ஆகும். பாலோடு பாலக் கீரையும் வரும், பரவாயில்லை. சொல்லுக்குப் பின் இடைவெளி விழுந்துவிட்டால் புள்ளியைத் தொடாதீர்கள்.