ஓடுற ஜாபுல கை வைக்கிறது எப்படி? பேட்ச் சப்போர்ட் கேள்வி-பதில்

வருசக் கடைசி குளோசிங் நெருங்குது, இந்த தடவ வந்த கேள்வியில முக்காவாசி ஒரே விசயம்தான்: ஜாப் (தானா ஓடுற பேட்ச் வேலை) ஓடிக்கிட்டு இருக்கு, இப்ப கை வைக்கலாமா, வெச்சா எந்த பட்டன அமுக்கணும். கே.எல். (கோலாலம்பூர்) பேங்க் டீம்ல இருந்தும் பினாங்கு ஃபேக்டரி ஐடில இருந்தும் வந்தத சேத்து போட்டிருக்கேன். ஒன்னு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். ஷெட்யூலர் (நேரமும் கண்டிஷனும் பாத்து ஜாப ஓட்டுற சாஃப்ட்வேர், கன்ட்ரோல்-எம், ஆட்டோசிஸ் மாதிரி) ஸ்கிரீன்ல நீங்க பாக்குறது ஒரு பதிவு, சர்வர்ல ஓடுறது ஒரு ப்ராசஸ், ரெண்டும் ஒன்னு இல்ல. சில பட்டன் பதிவ மட்டும் மாத்தும், சில பட்டன்தான் ப்ராசஸ தொடும், எது எதுன்னு தெரியாம அமுக்குறதாலதான் கீழ வர்ற பாதி பிரச்சனையே.

கேள்வி (பங்சார் சவுத்): அண்ணா, கன்ட்ரோல்-எம்ல ஓடிக்கிட்டு இருந்த ஜாபுக்கு ஹோல்ட் குடுத்தேன், ஸ்கிரீன்ல ஹெல்ட்னு காட்டுது, ஆனா சர்வர்ல பாத்தா ஸ்கிரிப்ட் ஜாலியா ஓடுது. இது சாஃப்ட்வேர் பக் (கோளாறு) தானா?

பக் இல்ல தம்பி, அது அப்படித்தான் வேலை செய்யும். ஹோல்ட்ங்கிறது காத்துக்கிட்டு இருக்கிற ஜாபுக்குத்தான். ஓடுற ஜாபுக்கு குடுத்தா ப்ராசஸ் பாட்டுக்கு ஓடும், முடிஞ்சதுக்கு அப்புறம் நடக்க வேண்டிய வேலை இருக்கு பாருங்க, அடுத்த ஜாபுக்கு கண்டிஷன் போடுறது, மெயில் அனுப்புறது, அதுங்கதான் நீங்க ஃப்ரீ குடுத்து ஹோல்ட எடுக்குற வரைக்கும் நிக்கும். இது சில நேரம் ரொம்ப உதவியான விசயம்லா, ஜாப் முடியட்டும் ஆனா அவுட்புட்ட நான் பாக்காம அடுத்தது கிளம்பக் கூடாதுன்னா இப்படி பண்ணலாம். ஆட்டோசிஸ்ல இந்த பேச்சே கிடையாது, ரன்னிங்லயோ ஸ்டார்ட்டிங்லயோ இருக்கிற ஜாப ஹோல்ட்ல போட முடியாது.

நெசமாவே நடுவுல நிறுத்தி வெக்கணும்னா ஆப்பரேட்டிங் சிஸ்டம் பக்கம்தான் போகணும். லினக்ஸ்ல ஸ்டாப் சிக்னல் அனுப்பினா ப்ராசஸ் அப்படியே உறைஞ்சி நிக்கும், கன்டினியூ சிக்னல் அனுப்பினா விட்ட இடத்துல இருந்து ஓடும். கேக்க நல்லா இருக்கும், ஆனா அந்த ப்ராசஸ் டேட்டாபேஸ்ல லாக் (பூட்டு) புடிச்சிருந்தா லாக்கும் அப்படியே இருக்கும், பின்னால நிக்கிற எல்லாரும் மாட்டிக்குவாங்க, நடுவுல இருக்கிற ஃபயர்வால் சும்மா கெடக்குற கனெக்‌ஷன்னு அறுத்து விட்டுடும், ஷெட்யூலருக்கு இந்த தூக்கம் தெரியாது, அது பாட்டுக்கு ஓடுற நேரத்த கணக்கு பண்ணிக்கிட்டே இருக்கும். ஆட்டோசிஸ் ஜாபுல டெர்ம் ரன் டைம் போட்டிருந்தா அந்த நிமிசக் கணக்கு தாண்டினதும் அதுவே ஜாப முடிச்சிரும். வெறும் ஃபைல் காப்பி, ரிப்போர்ட் உருவாக்குறது மாதிரி ஜாபுக்கு செய்ங்க, டேட்டாபேஸ தொடுற ஜாபுக்கு வேணாம்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம், கே.எல். ஹெட் ஆபீசுக்கு லீவு, எங்களுக்கு வேலை நாள். கே.எல். ஃபைல் எடுக்குற ஜாப் அன்னைக்கி ஓட வேணாம்னு ஆட்டோசிஸ்ல ஐஸ்ல போட்டோம், எங்க பக்கத்து ஜாப் காலையில 6 மணிக்கி முந்தின நாள் ஃபைல வெச்சே ஓடிருச்சி. ஹோல்ட் போட்டிருக்கணுமா?

நீங்க எழுதுனதுலயே பதில் இருக்கு. ஹோல்ட்னா பின்னால வர்றவங்களும் காத்திருப்பாங்க. ஐஸ்னா இந்த ஜாபே இல்லன்னு வெச்சிக்கிட்டு, அத நம்பி இருக்கிற கண்டிஷன் நிறைவேறிருச்சின்னு ஷெட்யூலர் எடுத்துக்கும். உங்க பினாங்கு ஜாபுக்கு சொந்தமா 6 மணி டைமும் இருக்கு, கூட கே.எல். ஜாப் சக்சஸ் ஆகணும்னு கண்டிஷனும் இருக்கு, 6 மணி ஆச்சி, கண்டிஷன பாத்தது, ஐஸ்ல இருக்கு அப்ப சரின்னு கிளம்பிருச்சி. டைரக்டரியில பழைய ஃபைல் கெடந்தது, அத எடுத்துக்கிச்சி.

அன்னைக்கி உங்க ஜாப் ஓடவே கூடாதுன்னா ஹோல்ட் போடுங்க. ஆனா எடுக்கும்போது கவனம், ஹோல்ட எடுத்த அந்த நிமிசமே, கண்டிஷன் எல்லாம் சரியா இருந்தா ஜாப் ஓட ஆரம்பிச்சிரும், மதியம் 2 மணின்னாலும் சரி, பிசி நேரம்னாலும் சரி. ஐஸ் அப்படி இல்ல, எடுத்தாலும் அடுத்த தடவ கண்டிஷன் புதுசா வர்ற வரைக்கும் சும்மா இருக்கும். லீவு நாளுக்கு ஹோல்ட் போட்டு மறுநாள் காலையில மறந்து போய் எடுத்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சி பாருங்க. புது வெர்ஷன்கள்ல நோஎக்சிக்னு ஒன்னு இருக்கு, ஜாப் ஓடாது ஆனா ஓடி சக்சஸ் ஆன மாதிரி சங்கிலி முழுக்க நகரும், டெஸ்ட் பண்றதுக்கு அதுதான் நல்லது.

என்னைய கேட்டா லீவுக்கு இதெல்லாம் கையால செய்யவே கூடாது. காலண்டர் போடுங்க, மாநிலத்துக்கு ஒன்னு. ஜூலை 7 ஜார்ஜ்டவுன் பாரம்பரிய தினம் பினாங்குக்கு மட்டும்தான், கெடாவுல வெள்ளி சனிதான் வாரக் கடைசி, தீபாவளி சரவாக்ல பொது விடுமுறை இல்ல. இது எல்லாத்தையும் ராத்திரி ஷிப்ட்ல இருக்கிற ஒருத்தர் ஞாபகம் வெச்சி பட்டன் அமுக்கணும்னு எதிர்பாக்குறது நியாயமே இல்ல.

கேள்வி (ஷா ஆலாம்): மாசக் கடைசி டெலீட் ஜாப் 3 மணி நேரமா ஓடுச்சி, கில் பண்ணேன், ஸ்டேட்டஸ் டெர்மினேட்டட்னு வந்திருச்சி, ஆனா ஆரக்கிள் டேட்டாபேஸ் இன்னும் மூச்சு வாங்குது. ஜாபுதான் செத்துப் போச்சே?

இந்த கேள்விக்கு கொஞ்சம் நீட்டிதான் சொல்லணும், ஏன்னா கில் பட்டன்தான் எல்லாரும் ரொம்ப நம்புற பட்டன். நீங்க அமுக்குனதும் ஏஜென்ட் (சர்வர்ல ஷெட்யூலர் சார்பா ஓடுற புரோகிராம்) அங்க இருக்கிற ப்ராசசுக்கு சிக்னல் அனுப்பும். ஆட்டோசிஸ் யுனிக்ஸ்ல சும்மா விட்டா முதல்ல 2ம் நம்பர் சிக்னல் (நிறுத்துன்னு கேக்குறது), அதுக்கும் அசையலன்னா 9 (கட்டாயமா கொல்றது). இந்த 9 இருக்கே, அத எந்த புரோகிராமும் புடிச்சி நிறுத்த முடியாது, டெம்ப் ஃபைல கழுவுறது, பூட்டா வெச்ச லாக் ஃபைல அழிக்கிறது எதுக்கும் நேரம் கெடைக்காது. நீங்க ஸ்கிரிப்ட்ல 15க்கும் (இதுவும் முடிச்சிக்கன்னு கேக்குற சிக்னல்தான்) 2க்கும் ட்ராப், அதாவது சிக்னல் வந்தா என்ன செய்யணும்ங்கிற வரி, எழுதி வெச்சிருந்தா அழகா மூட்டை கட்டிட்டு போகும், 9க்கு ட்ராப் எழுதினாலும் பிரயோஜனம் இல்ல. அப்புறம் எக்சிட் கோட (ப்ராசஸ் முடியும்போது விட்டுட்டு போற நம்பர) பாத்தே எது அடிச்சதுன்னு தெரிஞ்சிக்கலாம், ஷெல்ல 143 வந்தா 15, 137 வந்தா 9.

அடுத்தது, உங்க ஜாப் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அது எஸ்கியூஎல்பிளஸ (ஆரக்கிளுக்கு கமாண்ட் அனுப்புற புரோகிராம) கூப்புடுது, அது டேட்டாபேஸ் சர்வர்ல வேற ஒரு ப்ராசஸ ஓட்டுது. ஷெல்ல மட்டும் கொன்னா புள்ளைங்க அனாதையா ப்ராசஸ் நம்பர் 1 கிட்ட போயி ஒட்டிக்கிட்டு ஓடிக்கிட்டே இருக்கலாம். எஸ்கியூஎல்பிளசும் செத்தா கூட, சர்வர் பக்கத்து ப்ராசஸ் நடுவுல ஒரு பெரிய டெலீட்ல இருந்தா ஆள் போயிட்டான்னு அதுக்கு உடனே தெரியாது.

சரி, தெரிஞ்சிருச்சின்னு வெச்சிக்குவோம். அப்பதான் ரோல்பேக் ஆரம்பிக்கும். கமிட் ஆகாம, அதாவது நிரந்தரமா பதியாம, அழிச்ச ஒவ்வொரு வரியையும் அது திருப்பி வெக்கணும், 3 மணி நேரம் அழிச்சதுக்கு 3 மணி நேரமோ அதுக்கும் மேலயோ எடுத்தா ஆச்சரியப்படாதீங்க. உங்க ஆரக்கிள் மூச்சு வாங்குறது இதுக்குத்தான். டிபிஏவ (டேட்டாபேஸ பாத்துக்கிறவர) கூப்புட்டு, முடியாத மாத்தங்கள காட்டுற வி டாலர் டிரான்சாக்‌ஷன்ல அன்டூ ரெக்கார்ட் (திருப்பி வெக்க வேண்டியது) எண்ணிக்கை குறைஞ்சிக்கிட்டு வருதான்னு பாக்கச் சொல்லுங்க, பத்து நிமிசத்துக்கு ஒரு தடவ பாத்தா எப்ப முடியும்னு கணக்கு போட்டுடலாம். எஸ்கியூஎல் சர்வர்ல கில் கமாண்டோட ஸ்டேட்டஸ் ஒன்லி சேத்து போட்டா அதுவே எவ்வளவு முடிஞ்சதுன்னு சொல்லும். இந்த நேரத்துல யாராவது டேட்டாபேஸ அபார்ட் பண்ணி (டக்குனு நிறுத்தி) திரும்ப ஏத்துனா சரியாயிரும்னு சொல்லுவாங்க, தயவு செஞ்சி கேக்காதீங்க, திரும்பி ஏறும்போதும் அதே ரோல்பேக்க அது செஞ்சிதான் ஆகணும், இப்ப மத்தவங்களுக்கும் சேத்து டவுன்.

அதனால 3 மணி நேரம் ஓடுன ஜாப கொல்றதுக்கு முன்ன இன்னும் எவ்வளவு மிச்சம்னு பாருங்க. முக்காவாசி முடிஞ்சிருந்தா விட்டுடுறதுதான் சீக்கிரம் முடியும்.

கேள்வி (கிள்ளான்): ஐபிஎம் ஒர்க்லோட் ஷெட்யூலர்ல கேன்சலும் கில்லும் ஒன்னுதானே?

இல்லவே இல்ல. கில் ஓடுறத நிறுத்தும். ஓடுற ஜாப கேன்சல் பண்ணா அது ஓடிக்கிட்டே இருக்கும், ஆனா அத நம்பி நிக்கிற ஜாபுங்கள அந்த நிமிசமே அவுத்து விட்டுடும், பென்ட் (காத்திருந்து கேன்சல் பண்ற) ஆப்ஷன் சேக்கலன்னா. அதாவது மேல உள்ளவன் இன்னும் எழுதிக்கிட்டு இருக்கான், கீழ உள்ளவன் படிக்க ஆரம்பிச்சிடுவான். முதல்ல கில், நின்னுருச்சான்னு பாத்துட்டு மத்தது.

கேள்வி (பட்டர்வொர்த்): எப்ப ஹேங், எப்ப வெறும் ஸ்லோன்னு எப்படிங்க கண்டுபுடிக்கிறது? பாஸ் கேட்டா பதில் சொல்ல முடியல.

மூனு இடத்த பாருங்க. ப்ராசசோட சிபியூ நேரம் ஏறுதா, அவுட்புட் ஃபைலோட சைஸ் மாறுதா, டேட்டாபேஸ் செஷன் எதுக்காக காத்துக்கிட்டு இருக்கு. சிபியூ ஏறல, ஃபைல் அசையல, செஷன் வேற ஒரு செஷனோட லாக்குக்கு காத்திருக்குன்னா உங்க ஜாப் ஹேங் இல்ல, வேற ஒருத்தர் புடிச்சி வெச்சிருக்காரு, அவர போயி பாருங்க, உங்க ஜாப கொன்னு திரும்பி ஓட்டுனா அதே வரிசையில கடைசியா போயி நிப்பீங்க. சிபியூ ஏறுது ஆனா ஒன்னும் வெளிய வரலன்னா லூப்ல மாட்டியிருக்கலாம், இல்ல குவரி பிளான் (டேட்டாபேஸ் டேட்டாவ தேடுற வழி) மாறியிருக்கலாம், அப்ப டெவலப்பர எழுப்பலாம். அப்புறம், வழக்கமா எவ்வளவு நேரம் எடுக்கும்னு தெரியாம ஸ்லோன்னு சொல்லவே முடியாது, ஆட்டோசிஸ்ல மேக்ஸ் ரன் அலார்ம் போட்டு வெச்சா நிமிசம் தாண்டினதும் கத்தும், ஜாப தொடாது. மாசக் கடைசிக்கு தனி அளவு வெச்சிக்குங்க.

கேள்வி (செராஸ்): ஜாப் ஃபெயில், காலையில கவுன்டர் தொறக்கணும், மேனேஜர் ஃபோர்ஸ் ஓகே அடிச்சிட்டு போன்னு சொல்றாரு. என்ன செய்யலாம்?

மேனேஜர் பக்கமும் நியாயம் இருக்கு. 2020 ஜனவரி 1ல இருந்து அமலுக்கு வந்த பேங்க் நெகாராவோட (மலேசிய மத்திய வங்கி) ஆர்எம்ஐடிங்கிற தொழில்நுட்ப ஆபத்து விதி, வாடிக்கையாளர தொடுற முக்கிய சிஸ்டம் ஒரு சம்பவத்துக்கு 120 நிமிசத்துக்கு மேல விழக் கூடாது, 12 மாசத்துல திட்டமிடாத டவுன்டைம் மொத்தம் 4 மணி நேரத்த தாண்டக் கூடாதுன்னு வெச்சிருக்கு. அந்த கடிகாரம் அவரு தலைக்கு மேல ஓடுது. ஆனா ஃபோர்ஸ் ஓகே அடிச்சா ஜாப் ஓடாது, ஓடி நல்லபடியா முடிஞ்சதுன்னு எழுதி வெச்சிட்டு கீழ உள்ள எல்லாரையும் கிளப்பி விடும். ஃபெயில் ஆனது ஒரு ரிப்போர்ட் மெயில்னா தாராளமா அடிங்க. பேலன்ஸ் கணக்கு, வட்டி போஸ்டிங்னா அடிக்காதீங்க, தப்பான நம்பரோட கவுன்டர் தொறக்கிறத விட அரை மணி லேட்டா தொறக்கிறது மேல். அவரு அப்பவும் அடிக்கச் சொன்னா டிக்கெட்ல அவரு பேரு, நேரம், எந்த ஜாப், என்ன காரணம்னு எழுதச் சொல்லுங்க, அவருதான் எழுதணும். எழுதச் சொன்னாலே பல பேரு ஜாப் எழுதி வெச்ச லாக் குறிப்ப ஒரு தடவ படிப்பாங்க.

ஏர்ஃப்ளோங்கிற ஷெட்யூலர் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒன்னு: அங்க ஓடுற டாஸ்க்க சக்சஸ்னு மார்க் பண்ணா டாஸ்க்கையே நிறுத்திரும். ஆட்டோசிஸ்ல சேஞ்ச் ஸ்டேட்டஸ் அனுப்பினா பதிவு மட்டும்தான் மாறும், ஓடுற ப்ராசஸ தொடாது. ரெண்டையும் பாத்துக்கிற டீம்ல இருக்கிறவங்க இத ஒட்டி வெச்சிக்குங்க.

கேள்வி (ஜெலுத்தோங்): பேமென்ட் ஃபைல் அனுப்புற ஜாப் பாதியில நின்னுருச்சி, ரீரன் குடுக்கலாமா, ஃபோர்ஸ் ஸ்டார்ட்டா?

ரெண்டையும் குடுக்காதீங்க, முதல்ல அந்தப் பக்கம் ஃபைல் போயி சேந்துச்சான்னு பாருங்க. ஜாப் ஃபெயில்னு காட்டுறதுக்கும் ஃபைல் போகலங்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல, அனுப்பி முடிச்சிட்டு கடைசி வரியில ஆர்க்கைவ் பண்ணும்போது டிஸ்க் ஃபுல்லாகி விழுந்திருக்கலாம். அப்ப ரீரன் குடுத்தா சம்பளம் ரெண்டு தடவ போகும். கன்ட்ரோல் டோட்டல் (சரிபாக்குற மொத்தக் கணக்கு), ஃபைல் வரிசை நம்பர், கெடைச்சிருச்சின்னு அந்தப் பக்கத்துல இருந்து வர்ற அக்னாலெட்ஜ்மென்ட், மூனும் பாத்துட்டு எந்த ஸ்டெப்ல இருந்து ஓட்டணும்னு முடிவு பண்ணுங்க. ஃபோர்ஸ் ஸ்டார்ட் இன்னும் ஆபத்து, அது கண்டிஷனையும் பாக்காது, ஜாப் ஏற்கனவே ஓடுதான்னும் பாக்காது, ஒரே ஜாப் ரெண்டு ஓடுற நெலமை வந்திரும்.

கேள்வி (ரவாங்): எங்ககிட்ட ஷெட்யூலர் எல்லாம் கிடையாது, வெறும் கிரான்தான் (லினக்ஸ்லயே இருக்கிற, நேரம் பாத்து ஓட்டுற டூல்). ஓடுற ஜாப எப்படி நிறுத்துறது?

கிரான்டேப்ல (கிரானோட நேரப் பட்டியல்) வரிய கமென்ட் பண்ணா அடுத்த தடவ ஓடாது, இப்ப ஓடுறது ஓடும். பிகிரெப்ல (ஓடுற ப்ராசஸ தேடுற கமாண்ட்) முழு கமாண்டோட லிஸ்ட் எடுத்து கண்ணால பாருங்க, அப்புறம் நம்பர் போட்டு 15 அனுப்புங்க. நேரா பிகில்ல (பேர வெச்சி கொல்ற கமாண்ட்) முழு கமாண்டையும் தேடுற ஆப்ஷனோட பேர போட்டு அடிச்சா அதே பேரு உள்ள மத்ததும் போகும், அந்த ஸ்கிரிப்ட விஐல தொறந்து வெச்சிருக்கிற சகாவோட எடிட்டர் உட்பட. ஒன்னு முடியாம இன்னொன்னு கிளம்புறதுதான் உங்க பிரச்சனைன்னா கிரான் வரியில எஃப்லாக்க (ஃபைல்ல பூட்டு போடுற கமாண்ட்) காத்திருக்காத ஆப்ஷனோட போடுங்க, முந்தினது இன்னும் ஓடுனா புதுசு தானா ஒதுங்கிக்கும்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): அண்ணா, நான் சேந்து ரெண்டு மாசம்தான், தீபாவளி ஸ்டேன்பை எனக்கு விழுந்திருக்கு, ராத்திரி நான் ஒருத்திதான். ஏதாவது ஆனா சீனியர எழுப்ப பயமா இருக்கு.

எழுப்பும்மா. காத்துக்கிட்டு இருக்கிற ஜாப ஹோல்ட்ல போடுறது மட்டும் நீயே செய்யலாம், அத திரும்ப எடுத்துடலாம், எடுத்ததும் ஜாப் கிளம்பிரலாம்ங்கிறத மட்டும் மறக்காத. கில், ஃபோர்ஸ் ஓகே, ஐஸ், ரீரன் இந்த நாலும் ஒரு தடவ அடிச்சா திரும்ப வாங்க முடியாத மாதிரி போயிரலாம், அதுக்கு இன்னொரு ஆளு லைன்ல இருக்கணும். கூப்புடுறதுக்கு முன்ன ஜாப் பேரு, எப்ப ஆரம்பிச்சது, லாக் குறிப்போட கடைசி இருபது வரி, இத நம்பி எந்த ஜாபெல்லாம் நிக்குதுங்கிற லிஸ்ட், ஆட்டோசிஸ்னா ஜாப் டிபென்ட்ஸ் கமாண்டுல வரும், இத கையில வெச்சிக்கிட்டு கூப்புடு. ரெண்டு நிமிசத்துல முடிவு சொல்லிட்டு அவரு தூங்கப் போயிருவாரு. ஸ்டேன்பை லிஸ்ட்ல உன் பேருக்கு கீழ ரெண்டாவது பேரு, போன் நம்பரோட இருக்கான்னு இப்பவே பாரு, இல்லன்னா தீபாவளிக்கு முன்னயே உங்க லீடர்கிட்ட கேட்டு போட வை.