அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினரின் உதவியாளராக இருந்தவர் லாபி நிறுவனத்தின் போக்குவரத்துப் பிரிவில் சேர்வது நேர்மையா?

நீங்கள் வாஷிங்டனில் வேலை பார்க்கும் பிள்ளை என்று நினைக்கிறேன். கையில் லாபி நிறுவனத்தின், அதாவது வாடிக்கையாளர்களுக்காக அரசிடமும் நாடாளுமன்றத்திடமும் பேசும் நிறுவனத்தின், வேலைக் கடிதம் இருக்கும், வீட்டில் யாரோ முகம் சுளித்திருப்பார்கள். சேரலாம், தப்பே இல்லை. முதல் ஒரு வருடம் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

என் மகள் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர் ஒருவரிடம் போக்குவரத்து விஷயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 2023இல் விலகி ஒரு லாபி நிறுவனத்தின் போக்குவரத்துக் கொள்கைக் குழுவில் சேர்ந்தாள். அடுத்து வந்த பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, "பொண்ணு அந்தப் பக்கம் தாவிட்டாளாமே சார்?" என்று ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

அவள் எப்படி உழைத்தாள் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். 2021 ஜூனில் சபையின் போக்குவரத்துக் குழு பெரிய சாலை மசோதாவை எடுத்துக்கொண்டபோது விவாதம் விடிய விடிய நடந்தது. கொரோனா காலம் என்பதால் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இரண்டு லேப்டாப்புகளோடு உட்கார்ந்திருந்தாள். நான் மாநில நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களைப் பரிசோதிக்கும் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவன். ரசம் சாதம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "ஆஃப் சிஸ்டம் பாலம்னா நேர்ல எப்படிப்பா இருக்கும்? விதிமுறை வேண்டாம், கண்ணால பார்த்ததைச் சொல்லு" என்றாள். சொன்னேன். மத்திய அரசின் நிதியுதவி பெறும் சாலைகளில் சேராத, கவுண்டிக்கோ (நம்மூர் மாவட்டம் மாதிரி) சிற்றூருக்கோ சொந்தமான சின்னப் பாலங்கள் அவை. உத்தரத்தின் முனையில் துரு தாள் தாளாக உரிந்து வரும், கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டினால் பொள்ளென்று கேட்கும். எடை வரம்புப் பலகை வைத்துவிட்டால் பள்ளிப் பேருந்து பல மைல் சுற்றிப் போகும். எல்லாவற்றையும் டைப் செய்துகொண்டாள். அந்த நவம்பரில் கையெழுத்தான சட்டத்தின் புதிய பாலத் திட்டத்தில், உள்ளாட்சிகளின் இத்தகைய பாலங்களுக்கு முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்க வழி செய்தார்கள். அது இவளால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படி விழித்திருந்த எத்தனையோ பிள்ளைகளில் இவளும் ஒருத்தி.

இவ்வளவுக்கும் சம்பளம் என்ன தெரியுமா? சபை ஊழியர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 45,000 டாலர் என்ற விதியே 2022 செப்டம்பரில்தான் வந்தது. வாஷிங்டன் வாடகை தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. விஷயம் தெரிந்த பிள்ளைகளை இப்படி வைத்திருந்துவிட்டு, போகும்போது "விலை போய்விட்டார்கள்" என்பது நியாயமே இல்லை.

நான் லாபி நிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்குவதாக யாராவது கீழே எழுதுவார்கள். சட்டத்தில் ஓட்டை இருக்கிறது, மறுக்கவில்லை. உறுப்பினரின் சம்பளமான 174,000 டாலரில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ வாங்கிய ஊழியருக்குத்தான், பழைய இடத்தில் போய் லாபி செய்யக் கூடாது என்ற ஒரு வருடத் தடை. அதுவும் ஒரு உறுப்பினரின் தனி அலுவலகத்தில் இருந்தவர் என்றால் அந்தப் பழைய அலுவலகத்தோடு மட்டும்தான், பக்கத்து உறுப்பினரின் அறைக்குத் தாராளமாகப் போகலாம். என் மகள் அந்த வரம்புக்கு வெகு கீழே. சட்டப்படி மறுநாளே பழைய அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கலாம். போடவில்லை. ஒரு வருடம் அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று சேரும்போதே சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தாள். இன்று அவள் பேசுவது பேருந்துக் கழகங்களுக்காகவும் ஒரு துறைமுகத்துக்காகவும். வாடிக்கையாளர் யார், எந்த விஷயம், எவ்வளவு பணம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை போகிறது, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். லாபியிஸ்டாகப் பதிவு செய்யும்போது, கடந்த 20 வருடங்களில் பார்த்த அரசுப் பதவியையும் எழுத வேண்டும்.

கெட்ட உதாரணமும் உண்டு. பென்சில்வேனியா மாநிலத்தின் சபை உறுப்பினர் பட் ஷுஸ்டர் 1995இல் இதே போக்குவரத்துக் குழுவின் தலைவரானார். அவரிடம் பல வருடம் தலைமை உதவியாளராக இருந்த ஆன் எப்பர்ட் அதற்குச் சற்று முன் விலகி, போக்குவரத்துத் துறைக்கே லாபியிஸ்ட் ஆனார். 12 மாதம் முடிவதற்குள்ளேயே ஷுஸ்டரிடம் வாடிக்கையாளர்களுக்காகப் போய் நின்றார். மற்ற புகார்களோடு இதையும் சேர்த்து, 2000 அக்டோபரில் சபையின் நெறிமுறைக் குழு ஷுஸ்டருக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தது. ஆன் எப்பர்டையும் என் மகளையும் ஒரே தராசில் வைத்தால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

     

சரி, உங்கள் விஷயம். சம்பளம் அந்த முக்கால் பங்கைத் தாண்டியது என்றால், புது வேலை பற்றிப் பேச்சு தொடங்கிய மூன்று வேலை நாட்களுக்குள் நெறிமுறைக் குழுவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தாண்டாவிட்டாலும் அவர்களிடம் ஆலோசனை கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.